உறங்கும் கண்கள்: பழைய டிஜிட்டல் கேமராவை எழுப்புதல் குறித்து

1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கீழைக்கோடியில் இருக்கும் க்விட்டோயா என்ற பனித்தீவில், ‘ப்ராட்வாக்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலைச் சேர்ந்தவர்கள் கரையிறங்கினார்கள். பனி விலகியிருந்த ஓரிடத்தில் ஒரு படகும் சிதைந்த முகாமொன்றும் அவர்கள் கண்ணில் பட்டன. 33 ஆண்டுகளாக உலகம் தேடிக்கொண்டிருந்த ஒரு புதிர் அங்கே அவிழ்ந்தது.

1897 ஜூலை 11 அன்று ஸ்வீடனைச் சேர்ந்த மூவர் ஹைட்ரஜன் பலூன் ஒன்றில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டிருந்தார்கள். சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே தலைவர். நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் புகைப்படக்காரர். மூன்றாமவர் க்னூட் ஃப்ரேங்கெல். மூன்றே நாட்களில் பலூன் உறைகடலின் மேல் இறங்கிவிட்டது. அதன்பின் மாதக்கணக்கில் பனிப்பாளங்களின் மேல் நடந்தும் மிதந்தும் அக்டோபரில் அந்தத் தீவை அடைந்தவர்கள், அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகளோடு, ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்திருந்த ஃபிலிம் சுருள்களும் 33 ஆண்டுகள் பனியில் கிடந்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றை மிகுந்த பொறுமையோடு கழுவினார். 240 படங்கள் வரை எடுக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 93 படங்கள் மீண்டன. சரிந்து கிடக்கும் பலூனையும் அதைப் பார்த்து நிற்கும் இரண்டு மனிதர்களையும் காட்டும் படம் அவற்றுள் ஒன்று.

அந்தப் படங்களைக் காப்பாற்றியது குளிர். கூடவே, ஃபிலிமின் இயல்பு. வெள்ளி உப்பின் படிகத்தில் ஒளி பட்ட இடத்தில் ஏற்படும் நுண்ணிய மாற்றம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அதற்கு மின்சாரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். கேமரா துருப்பிடித்து நொறுங்கினாலும் படத்துக்கு நேரடியாக ஒன்றும் ஆவதில்லை. இருட்டும் குளிரும் இருந்தால் அது காத்திருக்கும். உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமில் பதிவான நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் இதே விதிதான். நெகட்டிவ் பத்திரமாக இருக்கும்வரை, கேமராவின் கதி என்னவானது என்று எவரும் கவலைப்பட்டதில்லை.

இனி வேறொரு கருவியை எடுத்துக்கொள்வோம். 2003இலோ 2004இலோ வாங்கப்பட்ட ஒரு டிஜிட்டல் கேமரா. சில ஆண்டுகள் ஊர்வலமாக எல்லா விசேஷங்களுக்கும் போய்வந்தது. பிறகு கைப்பேசியிலேயே கேமரா வந்துவிட, உறையோடு பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து எடுத்துப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, லென்ஸ் நீளவில்லை, திரை கறுப்பாகவே இருக்கிறது. ‘செத்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதி, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. டிஜிட்டல் கேமரா என்பது ஒரே உயிர் கொண்ட பொருளன்று. மின்சாரம், காலம், அசையும் உறுப்புகள், கண், நினைவு என ஐந்து பகுதிகள் அதற்குள் ஒரே நேரத்தில் உறங்கப்போகின்றன. ஆனால் அவை ஒரே வேகத்தில் அழிவதில்லை. முதலில் போவது மின்சாரம். பெரும்பாலும் கடைசியில் போவது படம். இந்த வரிசை எப்படி அமைந்தது என்பதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதை அறிந்தவர்க்குக் கருவியை எழுப்பும் வழியும் தெரியும். எழாவிட்டால் எதை மீட்கவேண்டும் என்பதும் தெரியும்.

*

1975 டிசம்பரில், அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள கோடக் ஆய்வகத்தில், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் ஒரு விசித்திரமான பெட்டியை உருவாக்கினார். எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமராவிலிருந்து எடுத்த லென்ஸ், ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒளியுணர் சில்லு, பதினாறு நிக்கல்-காட்மியம் பேட்டரிகள், ஒரு ஒலிநாடா கேசட் ஆகியவை அதன் பாகங்கள். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தைக் கேசட்டில் எழுதி முடிக்க 23 வினாடிகள் ஆயின. இன்றைய டிஜிட்டல் கேமராக்களின் மூதாதை அதுதான்.

அந்தப் பெட்டியில் படம் தங்கிய இடம் காந்தநாடா. நாடாவுக்கு உறங்கும்போது மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வந்த தலைமுறை ஒரு படி பின்னே போயிற்று என்றே சொல்லவேண்டும். 1988இல் ஃப்யூஜி நிறுவனம் காட்சிக்கு வைத்த டிஎஸ்-1பி என்ற கேமரா, படங்களை ஒரு நினைவு அட்டையில் சேமித்தது. அந்த அட்டைக்குள் இருந்த நினைவகம் தொடர்ந்து மின்சாரம் ஊட்டப்பட்டால் மட்டுமே நினைவு வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. எனவே அட்டைக்குள்ளேயே ஒரு சிறு பேட்டரியும் வைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்த டைகாம் மாடல் 1 என்ற கறுப்பு வெள்ளைக் கேமராவின் நிலை இன்னும் மோசம். 32 படங்கள் வரை அதன் உள்நினைவகத்தில் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போய்விடும். அந்தக் கேமராவைப் பீரோவில் வைத்து உறங்கவிட்டிருந்தால், படங்கள் முதல் வாரத்திலேயே மறைந்திருக்கும்.

இந்த நிலையை மாற்றியவர் ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃப்யூஜியோ மசுவோகா. மின்சாரம் நின்ற பிறகும் மறக்காத, வேண்டும்போது மொத்தமாக அழித்து மீண்டும் எழுதக்கூடிய ‘ஃப்ளாஷ்’ நினைவகத்தை அவர் 1984இல் அறிவித்தார். 1987இல் அதன் ‘நாண்ட்’ வடிவம் வெளிவந்தது. இதன் அடிப்படை எளிமையானது. சில்லுக்குள் மின்கடத்தாப் பூச்சால் சுற்றிலும் மூடப்பட்ட ஒரு தீவில் எலெக்ட்ரான்களைச் சிறைவைக்கிறார்கள். சிறையில் எலெக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு துணுக்கு நினைவு. காவலுக்கு மின்சாரம் தேவையில்லை. 1990களின் நடுவில் இந்த அட்டைகள் கேமராவுக்குள் நுழைந்தன. கேமரா உயிரிழந்தாலும் படம் பிழைத்திருக்கும் என்ற, ஃபிலிமுக்கு மட்டுமே உரிய பெருமை அன்றுதான் டிஜிட்டலுக்கும் கிடைத்தது. பீரோவில் கிடக்கும் நம் கேமராவைப் பற்றி நம்பிக்கையோடு பேசமுடிவதற்கு மசுவோகாவே காரணம்.

*

எழுப்பும் வேலை மின்சாரத்திலிருந்து தொடங்குகிறது. ஏனெனில் பெரும்பாலான ‘மரணங்கள்’ அங்கேதான் நிகழ்கின்றன.

2000களின் முற்பகுதியில் வந்த மலிவான கேமராக்களில் பல, நாம் பென்சில் பேட்டரி என்று அழைக்கும் சிறு உருளைகளால் இயங்கின. உள்ளேயே மறந்து வைக்கப்பட்ட ஆல்கலைன் பேட்டரி, ஆண்டுகள் செல்லச்செல்லக் கசியும். வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் பூக்கும். பேட்டரி அறையின் மூடியைத் திறந்ததும் கம்பிச்சுருளின் மேல் வெண்ணிறப் பொருக்கு தெரிந்தால், நோய் இன்னதென்று புரிந்துவிடும். அது காரப்பொருள் என்பதால் கையுறை அணிந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். உலோகத் தகடு அரிபடாமல் இருந்தால் கேமரா எழுந்துவிடும்.

பேட்டரியைப் புதிதாக மாற்றியும் எழவில்லை என்பவர்களில் பலர், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான துத்தநாக-கரி பேட்டரியைப் போட்டிருப்பார்கள். கடிகாரம் துளித்துளியாக மின்சாரம் குடிப்பது. கேமராவோ லென்ஸை நீட்டும் கணத்தில் ஒரே மடக்கில் குடிப்பது. அந்த வேகத்துக்குத் துத்தநாக-கரி பேட்டரி ஈடுகொடுக்காது. ஒரு நொடி விளக்கு மின்னி அணைந்துவிடும். நல்ல ஆல்கலைனோ, மறுமின்னூட்டம் செய்யக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகையோதான் வேண்டும். இந்த இரண்டாவது வகையிலும் 2005க்கு முந்தையவை சும்மா இருந்தபோதே சில மாதங்களில் காலியாகிவிடும் தன்மை கொண்டவை. அந்த ஆண்டு நவம்பரில் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த ‘எனிலூப்’ பேட்டரிதான் ஓராண்டு கிடந்தபிறகும் பெரும்பகுதி மின்னூட்டத்தை வைத்திருந்து அந்தக் குறையைப் போக்கியது.

தட்டையான லித்தியம்-அயன் பேட்டரியின் கதை வேறு. சோனி நிறுவனம் 1991இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்திலேயே அதைப் பயன்படுத்திய கருவிகளில் கையடக்க வீடியோ கேமராவும் ஒன்று. அதை உருவாக்கிய அடிப்படை ஆய்வுகளுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் பேட்டரி முற்றிலும் வடிந்துபோவதை விரும்புவதில்லை. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், உள்ளிருக்கும் காப்புச்சுற்று வாசலை அடைத்துவிடும். வெளியிலிருந்து அளந்தால் பூஜ்யம் காட்டும். சில மின்னூட்டிகள் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி அந்த வாசலைத் திறக்கும். சில, பழுது என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நெடுங்காலம் அடிமட்டத்தில் கிடந்த பேட்டரிக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். அதை வலுக்கட்டாயமாக மின்னூட்டுவது தீவிபத்தை அழைப்பதாகும். உப்பியிருக்கும் பேட்டரியைத் தொடவே வேண்டாம் என்பேன். அந்த மாதிரிக்குரிய புதிய பேட்டரி பல கேமராக்களுக்கு இன்றும் கிடைக்கிறது.

*

இரண்டாவதாகப் போவது காலம்.

ஒவ்வொரு டிஜிட்டல் கேமராவுக்குள்ளும் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரதான பேட்டரியைக் கழற்றினாலும் அது நிற்காமலிருக்க ஒரு நாணய அளவு பேட்டரியோ மின்தேக்கியோ உள்ளே உண்டு. சில மாதிரிகளில் அதை நாமே மாற்றலாம். வேறு சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிரதான பேட்டரியிலிருந்து தானே மின்னூட்டம் பெறும். ஆண்டுக்கணக்கில் உறங்கிய கேமராவில் இதுவும் வறண்டிருக்கும். ஆகவே நல்ல பேட்டரியைப் போட்டவுடன் எழவில்லையென்றால் மனம் தளரவேண்டாம். எல்லாப் பேட்டரிகளையும் கழற்றி, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சசொச்ச மின்னூட்டத்தை வடியவிட்டு, மீண்டும் பேட்டரியைப் பொருத்தி ஒருநாள் அப்படியே விட்டுவைப்பது நல்லது. எழும்போது பெரும்பாலும் அது கேட்கும் முதல் கேள்வி, ‘இன்று என்ன தேதி?’ என்பதாகவே இருக்கும்.

அந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு அது சாதாரணக் கேள்வியன்று. ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும், எடுத்த தேதி, நேரம், கேமராவின் பெயர் ஆகியவற்றை எழுதிவைக்கும் ‘எக்ஸிஃப்’ என்ற முறையை 1995இல் ஜப்பானிய நிறுவனங்கள் வகுத்தன. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்த பழைய வழக்கத்தின் வாரிசு இது. கடிகாரம் செத்த கேமரா, தன் தொழிற்சாலைத் தேதியையே, பல மாதிரிகளில் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் நாளையே, எல்லாப் படங்களிலும் எழுதிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரையோர ஊர் ஒன்றில் எடுத்த படம், 2000 ஜனவரி 1 என்ற தேதியைத் தாங்கி நிற்குமானால், சாட்சியத்தில் பாதி போயிற்று. எனவே தேதியைத் திருத்தியபின்னரே புதிய படம் எடுக்கவேண்டும். பழைய படங்களின் தேதி பொய்யென்று தெரிந்தால் உண்மைத் தேதியைத் தனியே எழுதிவைக்கவேண்டும். அதை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம் இது.

*

மூன்றாவது, அசையும் உறுப்புகள். இவற்றில் பழுது சிறியது, ஏமாற்றம் பெரியது.

பேட்டரி அறையின் மூடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் முனை இருக்கும். மூடி சரியாக மூடப்பட்டதா என்று அறிய, அந்த முனை உள்ளிருக்கும் நுண்விசையை அழுத்தவேண்டும். காலத்தால் மொறுமொறுத்து அந்த முனை ஒடிந்திருந்தால், எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் கேமரா பேசாது. மூடி திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மூடியை விரலால் இறுக அழுத்திக்கொண்டு பொத்தானை இயக்கிப்பார்த்தால் உண்மை தெரியும். அடுத்தது லென்ஸ். குழாய்க்குள் இருந்த மசகு இறுகியோ கடற்கரை மணல் புகுந்தோ லென்ஸ் பாதியில் நின்று, திரையில் பிழைச்செய்தி வரும். தூசியை ஊதி அகற்றி, லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்துச் சிலமுறை இயக்கிப்பார்க்கலாம். அதற்குமேல் பலத்தைப் பிரயோகித்தால் பல்சக்கரம் உடையும். உறையைத் திருகாணி கழற்றித் திறக்கவும் துணியவேண்டாம். ஃப்ளாஷ் விளக்குக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கக்கூடும்.

*

நான்காவதாகிய கண்ணுக்குத்தான் மிகச் சுவையான சரித்திரம் இருக்கிறது.

அக்காலக் கேமராக்களின் கண், சிசிடி என்ற சில்லு. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அதைக் கருக்கொண்டபோது, அவர்கள் தேடியது ஒரு புதுவகை நினைவகத்தை. நினைவாகப் பிறந்த சில்லு, ஒளியைப் பிடிப்பதில் வல்லது என்று தெரிந்து, கண்ணாக வளர்ந்தது. 2009இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள்.

2005 அக்டோபரில் இந்தக் கண்ணுக்கு ஒரு கொள்ளைநோய் வந்திருப்பது பகிரங்கமாயிற்று. சோனி தயாரித்த சில சிசிடி சில்லுகளில், உள்ளே இணைக்கும் மெல்லிய கம்பிகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பிடிவிட்டுப்போவதாகத் தெரியவந்தது. அந்தச் சில்லுகளைச் சோனி தன் கேமராக்களில் மட்டும் பொருத்தவில்லை. கேனன், நிக்கான், ஃப்யூஜி, கோனிகா மினோல்டா போன்ற போட்டி நிறுவனங்களும் அவற்றை வாங்கிப் பொருத்தியிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா நிறுவனங்களும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. கேனன் பவர்ஷாட் ஏ70, ஏ75 போன்று பரவலாக விற்ற மாதிரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெயர்ப்பலகைகள் பலவாயினும் கண் ஒன்றே என்பதை வாங்கியவர்கள் அறிந்துகொண்டது அப்போதுதான்.

இந்தப் பழுதின் அடையாளம் தனித்துவமானது. கேமரா எழும், பட்டியல்கள் தெரியும், பழைய படங்கள் தெளிவாகத் தோன்றும். எதிரே இருப்பதைப் பார்க்க முயலும்போது மட்டும் திரை கறுப்பாகவோ, ஊதா நிறம் படர்ந்தோ, கோடுகளாகச் சிதைந்தோ காட்டும். நிகழ்காலத்தைக் காணமுடியாமல், கடந்தகாலத்தை மட்டும் துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் ஒரு முதியவரின் நிலை. ஆண்டு முழுதும் வியர்க்கும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் பீரோக்களில் கிடந்த கேமராக்களுக்கு இந்த நோய் எளிதில் வந்திருக்கும். இலவசப் பழுதுபார்ப்புக் காலம் என்றோ முடிந்துவிட்டது. இனி அந்தக் கண்ணுக்கு மாற்று தேடுவது பயனற்றது. ஆனால் அந்த நிலையிலும் படங்கள் முழுமையாக இருக்கின்றன என்பதை மறந்து, கருவியையே எறிந்துவிடுவதுதான் உண்மையான இழப்பு.

*

ஆகவே ஐந்தாவதாகிய நினைவுக்கு வருவோம். கேமரா எழுந்தாலும் எழாவிட்டாலும் முதலில் செய்யவேண்டியது, அதன் நினைவு அட்டையை வெளியே எடுப்பது. மேலே சொன்ன வைத்தியங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. 1994இல் சான்டிஸ்க் நிறுவனத்தின் காம்பாக்ட்ஃப்ளாஷ், 1995இல் டோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் அறிவிக்கப்பட்ட எஸ்டி, 2002இல் ஒலிம்பஸும் ஃப்யூஜியும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்டி என, ஆளுக்கொரு அட்டை வகுத்தார்கள். இந்தப் போரில் எஸ்டி வென்றது. 2010இல் சோனியே எஸ்டியை ஏற்றுக்கொண்டது; எக்ஸ்டி ஏறக்குறைய அதே சமயத்தில் கைவிடப்பட்டது. தோற்ற அட்டைகள் எங்கும் போகவில்லை. பீரோக்களில் இருக்கும் கேமராக்களுக்குள் படங்களைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும் கார்டு ரீடர்கள்தாம் அருகிவருகின்றன. எழுத்து அழியவில்லை, வாசிக்கத் தெரிந்தவர் குறைந்துவிட்டார் என்ற ஓலைச்சுவடியின் கதையை ஒத்தது இது. பழைய பல்வகைக் கார்டு ரீடர் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால், அதை வாங்கிவைப்பது நூலகம் ஒன்றுக்குச் சாவி வாங்குவது போன்றது.

இந்த இடத்தில் சில எச்சரிக்கைகள் அவசியம். நெடுநாள் கழித்து எழுந்த கேமரா, அட்டையைப் படிக்க முடியாமல், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கலாம். ஒருபோதும் ஆம் என்று சொல்லக்கூடாது. அட்டையை எடுத்துவிட்டு, அதன் தங்கநிற முனைகளை மெல்லத் துடைத்து, கணினியில் படித்துப்பார்க்க வேண்டும். ஏற்கெனவே யாரோ ஃபார்மட் செய்துவிட்டிருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் அழிவது பொருளடக்கப் பக்கம் மட்டுமே. புத்தகம் உள்ளேயே இருக்கும். ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள், ஜேபெக் கோப்பு தொடங்கும் அடையாளத்தை அட்டை முழுதும் தேடிப் படங்களை மீட்டுத்தருகின்றன. அதுவரை அந்த அட்டையில் ஒரு படம்கூடப் புதிதாக எழுதக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

பழைய கேமராவைச் சோதிக்க இன்றைய பெரிய அட்டையைப் போடுவதும் வீண். 2006இல் எஸ்டிஹெச்சி என்ற புதிய வகை வந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை அறியமாட்டா. அவை பிழை காட்டும்போது கேமராமீது பழி விழுகிறது. மேலும், அக்காலக் கேமராக்கள் சிலவற்றில் அட்டை தவிரச் சிறிய உள்நினைவகமும் உண்டு. அட்டையை மறந்த நாளில் எடுத்த பத்துப் பதினைந்து படங்கள் அங்கே தங்கியிருக்கும். அவற்றை எடுக்கக் கேமரா எழுந்தே ஆகவேண்டும்; அதற்கேயுரிய வடமும் வேண்டும். கேமராவைக் கொடுத்துவிட்டு வடத்தையோ, வடத்தை எறிந்துவிட்டு கேமராவையோ வைத்திருப்பது நம் வழக்கம்.

ஃப்ளாஷ் நினைவகமும் நிரந்தரமன்று. சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மிக மெதுவாகக் கசிகின்றன. வெப்பம் மிகுந்தால் கசிவு விரைவாகும். தயாரிப்பாளர்கள் பத்தாண்டுகள் என்ற அளவை வழக்கமாகக் கூறுவார்கள். நடைமுறையில், பெரிய அறைகளில் துணுக்குக்கு ஓரறை என்று எழுதப்பட்ட பழைய அட்டைகள் பல, அதையும் தாண்டி நிற்கின்றன. ஆயினும் 2004இல் எடுத்த படம் அந்தத் தவணையைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அது இருப்பது கணக்கில் சேராத கருணைக்காலத்தில்.

*

கருவியை உறங்கவைப்பதையும் ஒரு கலையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2009 டிசம்பரில் நாசா விண்ணில் செலுத்திய ‘வைஸ்’ தொலைநோக்கி, அடிப்படையில் 40 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் அகச்சிவப்பு டிஜிட்டல் கேமரா. அதன் குளிர்பொருள் தீர்ந்து, பணியும் முடிந்தபின், 2011 பிப்ரவரியில் அதை உறங்கவைத்தார்கள். பேட்டரியைக் கழற்றிப் பரணில் போடுவது போலன்று. சூரியத் தகடுகள் சூரியனை நோக்கியபடி இருக்க, குறைந்தபட்ச உயிர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2013இன் பிற்பகுதியில் எழுப்பினார்கள். வெப்பமேறியிருந்த கண்ணை ஆழ்வெளியின் இருட்டை நோக்கித் திருப்பி, பொறுமையாகக் குளிரவைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அது மீண்டும் பார்க்கத் தொடங்கியது. மாதம் முடியுமுன் புதிய குறுங்கோள் ஒன்றைக் கண்டுபிடித்தது.

2020 மார்ச் 27 அன்று அதே கண்ணில் ஒரு வால்விண்மீன் பட்டது. அந்த ஜூலையில், ஊரடங்கில் வீட்டு மாடிகளில் நின்றவர்கள் வடமேற்கு அடிவானத்தில் தேடிய ‘நியோவைஸ்’ அதுதான். அந்தத் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் பணியை முடித்து, நவம்பரில் வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று. எழுப்பாமல் விட்டிருந்தால், அந்த வால்விண்மீனுக்கு அதன் பெயர் வாய்த்திருக்காது.

விண்வெளிப் பொறியாளர்கள் கடைப்பிடித்த விதிகளை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். கேமராவை மூட்டைகட்டுமுன் படங்களை வெளியே எடுத்துவிடவேண்டும். பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும்; லித்தியம்-அயனாயின் பாதி மின்னூட்டத்தில் வைக்கவேண்டும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, வெயில் ஏறாத இடத்தில் வைத்து, ஆண்டுக்கு இருமுறை எழுப்பிப் பார்க்கவேண்டும். வடத்தை அதே பையில் போடவேண்டும்.

*

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே சென்றன. அதுவே உச்சம். 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் குன்றின் ஏறுமுகத்தில், ஏறத்தாழ 2000 முதல் 2010 வரை, ஒரு தலைமுறை தன் வாழ்க்கையைப் பதிவு செய்தது. அதற்கு முன் எடுத்தவற்றுக்கு நெகட்டிவ் இருக்கிறது. அதற்குப் பின் எடுத்தவை கைப்பேசியிலிருந்து தாமாகவே எங்கோ ஒரு வழங்கிக்குப் போய்விடுகின்றன. நடுவிலிருந்த அந்தப் பத்தாண்டுப் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவும் இல்லை, அச்சுப்படியும் இல்லை, வேறெங்கும் நகலும் இல்லை. இப்போது இல்லாத பாட்டியின் முகம், இடிக்கப்பட்ட வீட்டின் திண்ணை, ஊர்ப்பேருந்து நிலையத்தின் பழைய தோற்றம் எல்லாம் தபால்தலை அளவுள்ள ஓர் அட்டையில் மட்டும் இருக்கக்கூடும்.

ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ஃபிலிமுக்கு 33 ஆண்டுகள் கழித்து ஹெர்ட்ஸ்பெர்க் கிடைத்தார். அந்த ஃபிலிமைக் கழுவத் தேவையான வேதியியல் 1930இலும் புழக்கத்தில் இருந்தது என்பது அவர்களுடைய நல்லூழ். எக்ஸ்டி அட்டை ஒன்று 33 ஆண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டால், சிறைவைத்த எலெக்ட்ரான்கள் ஒருவேளை அங்கேயே இருக்கலாம். அதைச் செருக ஒரு வாசல் இருக்குமா என்பதற்கு இன்று யாரும் உறுதி தரமுடியாது. கேமரா எழாவிட்டால் பரவாயில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. அட்டையை மட்டும் எடுத்து, படங்களை இரண்டு இடங்களில் படியெடுத்து, யார் யார் என்று பெயர் எழுதிவைத்த பிறகு, அந்தக் கருவியை நிம்மதியாக உறங்கவிடலாம்.